முன்கால் விழும் இடம்

ஒவ்வொரு ஓவர் தொடங்கும்போதும் டெமாரியோ கிட்டன்ஸ் தன் தொப்பியை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால், அரண்மனைச் சேவகனைப் போல இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைப்பான். "மகாராணி, பத்திரமா வெச்சுக்குங்க." பெண் நடுவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே தொப்பியை நீட்டுவார்கள். இருபது வயதில் அவன் தனக்கென்று கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. அன்று தேநீர் இடைவேளை முடிந்து வந்த முதல் ஓவரில் அவன் குனியவில்லை. தொப்பியை நேராக நீட்டினான். பிறகு அவிழ்ந்திருந்த இடது ஷூ நாடாவைப் பக்கத்தில் நின்ற ஃபீல்டரைக் கட்டிவிடச் சொல்லி, ஏதோ சலுகை தருகிறவன் மாதிரி காலை நீட்டிக்கொண்டு நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீவின் ஓரத்தில், செயின்ட் ஃபிலிப்பில், எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கரும்பு. கடற்காற்று அதைத் தாண்டித்தான் எங்களுக்கு வரும். ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. எதிரணியிடம் மிச்சம் ஒரே ஒரு விக்கெட். அவர்களுக்குத் தேவை ஐந்து ஓட்டம். கடைசியாக மட்டை பிடிக்க வந்திருந்தவர் ஒரு போலீஸ்காரர், பந்தைப் பார்ப்பதைவிட வானத்தை அதிகம் பார்த்தார். எல்லைக்கோட்டுக்கு அப்பால் எண்ணெய்ச் சட்டியோடு உட்கார்ந்திருந்த வெல்மா, மீன் வடையைத் திருப்பிப் போட்டபடி கத்திக்கொண்டிருந்தாள்: "ஏ கிட்டன்ஸ்! என் வடையில இருக்கிற சூட்டுல பாதிகூட உன் பந்துல இல்லையேடா!" மகோகனி மரத்தடியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். தீவின் அணிக்கு ஆள் பொறுக்குகிறவர். கிட்டன்ஸைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று மைதானத்தில் ஆடுகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். எனக்கு வேலை காலைப் பார்ப்பது. வீச்சாளனின் முன்கால் கோட்டுக்குப் பின்னால் கொஞ்சமாவது விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் நிமிர வேண்டும். அதனால் மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்துவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் முதலில் காலடி கேட்கும், அப்புறம் மூச்சு, அப்புறம் என் இடது தோளை உரசிக்கொண்டு போகும் காற்று. இரண்டு கை நீளத்துக்கு முன்னால் அந்தக் கால் இறங்கும். ஓடிவந்த வேகம் முழுவதும் அந்த ஒரு குதிகாலில் முட்டி நின்றுவிடும். ஆனால் நிற்பது கீழ் உடம்பு மட்டும்தான். மேல் உடம்பு நிற்பதில்லை. இடது பக்கம் சாய்ந்து, பின்னால் வளைந்து, முறுக்கிக்கொண்டு, சட்டென்று முன்னால் மடியும். நின்றுவிட்ட பாதிக்கும் நிற்க மறுக்கும் பாதிக்கும் நடுவில், அடிமுதுகின் இடது ஓரத்தில், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு எலும்பு மாட்டிக்கொள்ளும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த இடத்தில் நான் ஒரு நொடி மூச்சை நிறுத்திவிடுகிறேன். கோவிலில் மணி அடிக்கும்போது பேச்சை நிறுத்துகிறவர்களைப் போல.

அந்த எலும்பை எனக்குத் தெரியும். என்னுடையதின் படத்தை ஒரு மருத்துவர் விளக்கொளியில் பிடித்துக் காட்டினார். அப்போது நானும் வேகப்பந்து போடுகிறவள், கிட்டன்ஸைவிடக் கொஞ்சம் கூடுதலான வயது. மயிரிழை மாதிரி ஒரு கோடு. "உன் எலும்பு மேல தப்பே இல்லம்மா," என்றார். "நிக்க, நடக்க, புள்ளைய இடுப்புல தூக்கிக்கன்னு செஞ்சு வெச்சது. இப்படி ஒரு வேலை இருக்குன்னு யாரும் அதுகிட்ட முன்கூட்டிச் சொல்லல." சொன்னால் கேட்டுக்கொள்ளும் என்றும் அவர்தான் சொன்னார். ஒவ்வொரு பந்துக்கும் அது கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் விரிசல் விடுகிறது. நாம் ஓய்ந்திருக்கும்போது அதைத் தானே பூசி மெழுகிக்கொள்கிறது, முன்னைவிடத் தடிப்பாக. ஆனால் தசை சில வாரங்களில் கற்றுக்கொள்வதை எலும்பு மாதக்கணக்கில்தான் கற்கும். வேகம் இருபது வயதிலேயே வந்துவிடுகிறது, எலும்பு முற்றுவதற்கு இன்னும் சில வருடம் ஆகிறது. பல நாள் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ஓடினால் பூசி முடிப்பதற்குள் அடுத்த விரிசல் வந்துவிடும். கிட்டன்ஸ் ஒரு மாதம் மழையால் வீட்டில் கிடந்து, நேராகக் கயானாவுக்குப் போய் நான்கு நாள் ஆட்டம் ஆடி, விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே இங்கே வந்திருந்தான். நான் அன்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு அழவில்லை. நான் தூங்கும்போதெல்லாம் எனக்குள்ளே ஒன்று இருட்டில் உட்கார்ந்து என்னைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தது என்ற நினைப்பில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

காலையிலிருந்து கிட்டன்ஸின் முன்கால் ஒரே இடத்தில் விழுந்து கோட்டருகே ஒரு குழி பறித்திருந்தது. உள்ளங்கையை வைத்தால் முழுதாக அடங்கும். தேநீருக்குப் பிறகு அதன் இடது பக்கம் இன்னொரு குழி உண்டாகத் தொடங்கியது. முதுகை வளைக்காமல் தப்பிக்க அவன் உடம்பு அவனைக் கேட்காமலே வெளிப்பக்கம் சரிந்துகொண்டிருந்தது.

கீப்பரிடம் போன பந்து கைமாறித் திரும்ப வருவதற்குள், அவன் பக்கம் திரும்பாமலே கேட்டேன். "எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்னா என்ன மிஸ்?"

"கதை விடாதே."

குரலைத் தாழ்த்தினான். "இடது. கீழ. ஊசி ஏத்துற மாதிரி. காலையில கடல்ல இடுப்பளவு தண்ணியில நின்னேன். போயிடுச்சு."

"போகாது. என் முதுகுல ரெண்டு திருகாணி இருக்கு."

அவன் அப்போதுதான் என்னை முதல்முறையாகப் பார்க்கிறவன்போலப் பார்த்தான். வலித்ததா என்று கேட்பான், எவ்வளவு நாள் ஆட முடியவில்லை என்று கேட்பான் என நினைத்தேன்.

"எவ்வளவு வேகம் போட்டீங்க?" என்றான்.

"நான் ஓடி வந்தா கீப்பர் கரும்புக்காட்டுப் பக்கமே பின்வாங்கிப் போவா."

சிரித்தான். சிரிப்பு பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. "ரோலண்ட் அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க மிஸ். மரத்தடியில யாரு இருக்காருன்னு பாத்தீங்கல்ல? முதுகுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா இந்த வருஷம் என் பேரையே எழுத மாட்டாங்க."

நான் சொல்லவில்லை. முழுக்கச் சொல்லாமலும் இல்லை. அணித்தலைவன் ரோலண்ட் பக்கத்தில் வந்தபோது, "வேற யாருமே பந்து போட இல்லையா உன்கிட்ட?" என்று கேட்டேன்.

"இவனை இப்ப நிறுத்தினா வெல்மா என்னையும் சட்டியில போட்டுப் பொரிச்சிடுவா, அம்பயரம்மா," என்று சொல்லிவிட்டு ஃபீல்டர்களைத் தள்ளி நிறுத்தப் போய்விட்டான். நடுவருக்கு அதற்கு மேல் பேச இடமில்லை. கோடு என்னுடையது. அந்த முதுகு கிட்டன்ஸுடையது.

அடுத்த பந்துக்கு ஓடி வந்தான். மூச்சு தோளைத் தாண்டியது. கால் இறங்கியது, புதுக் குழியையும் தாண்டி, வெள்ளைக் கோட்டுக்கு முன்னால். குதிகாலுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் மண் தெரிந்தது. எப்போதும் நான் நினைப்பதற்கு முன்னால் வெளியே வந்துவிடும் சொல் அன்று வரவில்லை. போலீஸ்காரர் வானத்தைப் பார்த்துச் சுழற்றினார். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பறந்தது.

மைதானம் எழுந்து நின்றது. ரோலண்ட் தொப்பியை வீசினான். வெள்ளைத் தொப்பிக்காரர் கால்மேல் இருந்த காலை இறக்கினார். கிட்டன்ஸ் மட்டும் மடங்கிய இடத்திலேயே, முழங்காலில் கைகளை ஊன்றி, என்னைத் திரும்பிப் பார்த்தான். எங்கள் மைதானத்தில் படம் பிடிக்கும் கருவி எதுவும் கிடையாது. அந்த ஒரு விரல் மண்ணைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவன் வீட்டுக்குப் போவான், குப்புறப் படுப்பான், இருட்டில் அவனுக்குள் இருக்கும் வேலைக்காரன் எலும்பைப் பூசி மெழுகத் தொடங்குவான். இன்னொரு பந்து என்றால் அந்த எலும்பு தாங்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு வேகம் போட்டீங்க என்று கேட்டவனுக்கு, பிச்சை போடுகிற மாதிரி ஒரு விக்கெட்டை எப்படிக் கொடுப்பது?

என் கை தாமதமாக எழுந்தது. "நோ பால்."

"யம்மா அம்பயரு!" வெல்மாவின் குரல் உடைந்தது. "நாளைக்கே கண்ணாடி வாங்கித் தர்றேன்டி உனக்கு! ரெண்டு கண்ணுக்கும் வாங்கித் தர்றேன்!" ரோலண்ட் என்னிடம் வந்து வாயைத் திறந்தான். கிட்டன்ஸ் அவனைக் கையால் தடுத்துவிட்டுக் கோட்டருகே மெதுவாக வந்து, தன் காலடித் தடத்தைப் பார்த்தான்.

"எவ்வளவு மிஸ்?"

"ஒரு விரல்."

"சரிதான்," என்றான். முகம் சாம்பல் பூத்திருந்தது. "இன்னொண்ணு போடணும், அவ்வளவுதானே."

பந்தை வாங்கிக்கொண்டு நடந்தான். நடை ஒரு பக்கமாக இழுத்தது. கரும்பு சரசரத்தது. திரும்பி நின்று நெடுநேரம் என்னைத் தாண்டி எதையோ பார்த்தான். போலீஸ்காரர் மட்டையைத் தரையில் தட்டினார்.

காலடி கேட்டது. முதலில் மெதுவாக, எண்ணிவிடலாம்போல. பிறகு எண்ண முடியாதபடி. நான் தலையைக் குனிந்து கோட்டின்மேல் கண்ணை வைத்தேன். இரண்டு குழிகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. மூச்சு என் தோளைத் தாண்டியது. என் முதுகில் இரண்டு திருகாணிகளும் விழித்துக்கொண்டன. இடது கால் உயர்ந்தது. முதுகைக் காக்கப் புதுக் குழியின் பக்கம் சாயவில்லை. பழைய குழிக்கு நேர் மேலே, கோட்டுக்குப் பின்னால், ஷூவின் அடிமுட்களில் ஒட்டிய களிமண் வெயிலில் மினுங்க, முழு நீளத்துக்கு நீண்டு அந்தரத்தில் இருந்தது.