துணி துவைக்க மாட்டேன் என்றவள்

எதிர்வீட்டுக் கொட்டகைக்குக் குடிவந்தவளுக்குத் திமிர் அதிகம் என்று முதல் வாரத்திலேயே தெருவில் முடிவாகிவிட்டது. முடிவெடுத்ததில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. என் வீட்டுச் சன்னலும் அந்தக் கொட்டகை வாசலும் நேருக்கு நேர். பார்க்காமல் இருக்க நான் என்ன கண்ணைக் கட்டிக்கொண்டா உட்கார முடியும்?

கரும்பு வெட்டப் போகிற குடும்பம். புருஷன், பெண்டாட்டி, இன்னும் பள்ளிக்கூட வயது வராத ஒரு பெண்குழந்தை. ஊர் ஊராக வேலை தேடி அலைந்துவிட்டு, மேஸ்திரியின் லாரி வந்து ஆள் ஏற்றுகிற முனை எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது என்பதற்காகவே இங்கே வந்து இறங்கியிருந்தார்கள். வந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டால்தான் வயல் காயும், வயல் காய்ந்தால்தான் வெட்டு தொடங்கும், வெட்டு தொடங்கினால்தான் லாரி வரும். அதுவரை வயிறு சும்மா இருக்குமா?

எதிர்வீட்டுக்காரரான மாடி வீட்டம்மாவின் கொட்டகை அது. அந்த அம்மாவுக்கு இரக்க குணம் உண்டு, அதைப் பத்துப் பேர் பார்க்கக் காட்டுகிற குணமும் உண்டு. வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி, வீட்டுத் துணியெல்லாம் துவைத்துப் போடு, வாடகையே வேண்டாம், சாப்பாடும் தருகிறேன் என்றார். வேறொருத்தியாக இருந்தால் வாளியோடு ஓடியிருப்பாள்.

"வேற எந்த வேலைன்னாலும் சொல்லுங்கம்மா. துணி மட்டும் வேணாம்" என்றாள் இவள்.

அன்றைக்கே அவளுக்குத் துரைசானி என்று பெயர் விழுந்தது. யார் வைத்தது என்று கேட்காதீர்கள்.

சரி, துரைசானி உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. மழையில் தெருவோரத்து மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதை உடைத்துத் தருகிறேன் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் அரிசியோ, குழந்தைக்குப் பாலோ கொடுத்தால் போதுமாம். தூறலில் தலையில் சாக்கை மாட்டிக்கொண்டு விடிந்ததும் ஆரம்பிப்பாள். புருஷன்காரன் வாசல்படியில் உட்கார்ந்து காய்ந்த புல்லைத் திரித்துக்கொண்டிருப்பான். அவள் உடைத்த விறகை அந்தப் புல் கயிற்றால் கட்டுவான். கட்டியதை அவிழ்ப்பான். மறுபடி கட்டுவான். பெண்டாட்டி கோடாலி வீச, இவன் விருந்துக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறானே என்று அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். இது எங்கள் தெருத் தையற்காரர் வைத்தது. நல்ல பெயர்தான், நான் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. துணி துவைப்பது பாதி வேலை, முழு லாபம். மரம் உடைப்பது முதுகு ஒடிகிற வேலை, அரைவயிறு. புத்தி சரியில்லாதவளும் இல்லை, குழந்தைக்குத் தலைவாரிவிடுகிற நேர்த்தியைப் பார்த்தாலே தெரியும். காரணம் தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு நாள் சல்லடை கேட்கிற சாக்கில் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

அவள் புருஷனுக்குச் சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். வலது கையை அவள்தான் தூக்கி, மெதுவாகச் சட்டைக்குள் நுழைத்தாள். அது நெஞ்சு உயரத்துக்கு மேல் ஏறவில்லை. என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மூட்டை முடிச்செல்லாம் கட்டியபடியே மூலையில் இருந்தன. லாரி வந்தால் தூக்கிக்கொண்டு ஓடத் தோதாக, வந்த நாளிலிருந்தே அவிழ்க்கவில்லை போலிருக்கிறது. குழந்தை அதன் மேல்தான் படுத்திருந்தது.

"பார்த்துட்டீங்க, இனி மறைச்சு என்ன ஆகப்போகுது. உட்காருங்கக்கா" என்றாள்.

போன பருவத்தில் கரும்புக் கட்டோடு லாரியிலிருந்து விழுந்திருக்கிறான். கரும்பு வெட்டில் தனி ஆளை எடுக்க மாட்டார்களாம், ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஆண் வெட்டுவான், பெண் சோகையை, அதாவது கரும்புத் தோகையை, முறுக்கிக் கட்டுக் கட்டுவாள். தோள் ஏறாதவன் கத்தி வீச முடியாது. வீச முடியாதவனை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், ஜோடி இல்லாமல் இவளையும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். இந்தப் பருவம் போனால் அடுத்த பருவம் வரை மூன்று பேரும் தெருவில்தான்.

"அதனால நான் வெட்டப் போறேன், அவரு கட்டப் போறாரு" என்றாள், உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

கையை நீட்டிக் காட்டினாள். விரல்களின் அடியில் காய்ப்பு மேடுதட்டிக் கல்லாக இருந்தது. மேஸ்திரி வாயால் சொல்வது எதையும் நம்ப மாட்டாராம். உள்ளங்கையைப் பிடித்து அழுத்திப் பார்த்துத்தான் ஆளை எடுப்பாராம். கட்டுக் கட்டுகிறவளின் காய்ப்பு வேறிடம், வெட்டுகிறவனின் காய்ப்பு வேறிடம். கோடாலி பிடித்துப் பிடித்து அந்த இடத்தில் புதிதாக வரவழைத்திருக்கிறாள்.

"சோப்புத் தண்ணியில ஊறுனா எல்லாம் மெத்துன்னு ஆயி உரிஞ்சிடும்க்கா. அந்தம்மா நல்ல மனசோடதான் கேட்டாங்க. நான் எப்படிச் சரின்னு சொல்ல?"

நான் கேட்க வந்த சல்லடை மறந்தே போயிற்று. அது அடிக்கடி நடப்பதில்லை.

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. இந்தத் தெருவுல ஒரு வீட்டுல தும்முனா முனைக்கடையில மருந்து எழுதிடுறாங்க. அந்தக் கடையிலதான் மேஸ்திரி டீ குடிப்பாரு. கைக்கு அடிபட்டது தெரிஞ்சா என் கையைக்கூடப் பார்க்க மாட்டாரு."

தும்முகிற வீடு என் வீடு இல்லை. மருந்து எழுதுவது யார் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவள்.

அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு! வயிறு உப்பிக்கொண்டது போலிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் மாடி வீட்டம்மா துரைசானியின் திமிரைப் பற்றி ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு நுனியில் வந்து நிற்கும். அவளுக்குத் துணி துவைக்கவே வராதாம், போன இடத்தில் பட்டுப்புடவையைக் கிழித்துவிட்டாளாம் என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டேன். மாடி வீட்டம்மா தன் புடவைகளை நினைத்து அமைதியானார். மாப்பிள்ளை என்ற பெயரை அதற்குப் பிறகு நான் வாயால் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னதைத் தடுக்கவும் முடியவில்லை.

ஒரு வழியாக மழை விட்டு, வயலும் காய்ந்தது. ஒரு நாள் காலையில் லாரி வந்து நின்றதும் தெருக்கோடி நிறைந்துவிட்டது. நானும் போனேன், பால் வாங்க. பால் வேறு பக்கம் என்பது அப்போது நினைவில்லை.

மேஸ்திரி ஒவ்வொரு ஜோடியாகக் கைகளை அழுத்திப் பார்த்து, ஏறு, ஒதுங்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். இவர்கள் முறை வந்ததும் புருஷன் பக்கம் கையை நீட்டினார். இவள் முன்னே வந்து தன் கையை வைத்தாள்.

"வெட்டுற ஆளு நான்தாங்க."

லாரி மேலிருந்து ஒருவன், அப்ப உம் புருஷன் புள்ளைக்குத் தாலாட்டுப் பாடுவானா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்துக்கொண்டே அவள் கையை அழுத்தினார். அழுத்திய இடத்திலேயே சிரிப்பு நின்றது. இன்னொரு முறை அழுத்தினார்.

"உம் புருஷன் ஏன் வெட்டல?"

"அவரு கட்டுனா ஆலை வரைக்கும் அவிழாதுங்க. அதான்."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. மேஸ்திரி ஒரு கத்தியை எடுத்து அவளிடம் கொடுத்து, வாய்க்கால் ஓரம் அடர்ந்திருந்த நாணலைக் காட்டினார்.

அவள் குனிந்தாள். நிமிரவே இல்லை. கத்தி மண்ணை உரசிக்கொண்டு போனது, நாணல் வரிசையாகச் சாய்ந்தது. பின்னாலேயே புருஷன். இடது கையால் அள்ளி, முழங்காலால் அழுத்தி, முறுக்கின நாணலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்துக் கட்டினான். வாசல்படியில் கட்டி அவிழ்த்துக் கட்டிப் பழகியது இதற்குத்தான். லாரி மேலிருந்த தாலாட்டுக்காரன் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

மேஸ்திரி வெட்டின இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தார். கரும்பில் இனிப்பு அடியில்தானாம், அடிக்கட்டையை விட்டு வெட்டினால் ஆலையில் ஏசுவார்களாம். அவர் காலில் எதுவும் குத்தவில்லை. பிறகு புருஷன் கட்டிய நாணல் கட்டுக்கு ஓர் உதை விட்டார். உருண்டது, அவிழவில்லை.

"ஏறுங்க" என்றார்.

முதலில் குழந்தையையும் மூட்டையையும் ஏற்றினார்கள். அவள் ஏறினாள். கடைசியாகப் புருஷன் ஏற வந்தபோது மேஸ்திரி தானே அவன் பக்கம் வந்து நின்றார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "இடது கையைக் கொடு" என்றார்.

எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்காமல் போகுமா?

லாரி கிளம்பும்போது அவள் என்னைப் பார்த்துவிட்டுப் பலகைக்கு மேல் எட்டிக் குனிந்தாள்.

"பருவம் முடிஞ்சு வந்து உங்க போர்வையெல்லாம் நானே துவைச்சுத் தரேன்க்கா. அப்ப கை எப்படி ஆனா என்ன."

அவள் உடைத்துப்போட்ட விறகு இன்னும் எங்கள் எல்லோர் வீட்டுச் சுவரோரமும் அடுக்கியிருக்கிறது. போர்வைகள் அழுக்கேறிக் கிடக்கின்றன. தெருவில் என்னைப் பற்றி ஏதோ பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். நான் காத்திருக்கிறேன்.