பெயர்த்தகடு

எங்கள் பட்டறையில் மின்விசிறி இறக்கைகள் செய்கிறோம். என் தகப்பனார் தொடங்கியது. ஒவ்வொரு இறக்கையின் நுனியிலும் எங்கள் குடும்பப் பெயர் பொறித்த அலுமினியத் தகடு ஒன்று இருக்கும். அதை எடுத்த எடுப்பில் ஒட்டிவிட மாட்டோம். சுழற்றிப் பார்த்து, ஆட்டம் இல்லை என்று தேறிய பிறகு, பெட்டியில் அடுக்குவதற்குச் சற்று முன்னால்தான் ஒட்டுவோம். தேறாத பொருளில் எங்கள் பெயர் இருக்கக் கூடாது. அறுபது வருடமாக இதுதான் முறை. இந்த முறையால் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

என் மருமகள் பொறியியல் படித்தவள். பட்டறையில் பாதி இயந்திரங்கள் சும்மா நின்ற காலத்தில் அவள்தான் புதிய வேலை ஒன்றைக் கொண்டுவந்தாள். சில மரங்களின் விதைக்கு ஒற்றை இறகு உண்டு. உதிரும்போது கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு மெதுவாக இறங்கும். அதைப் பார்த்துச் செய்த குட்டி விமானம் அது. ஒரு சாண் நீளத்தில் ஒரே ஒரு இறக்கை. மோட்டார் கிடையாது. தடித்த முனையில் காற்றையும் சூட்டையும் அளக்கும் கருவியும் சின்ன ரேடியோவும் இருக்கும். காட்டுத் தீக்கு மேலே ஹெலிகாப்டரிலிருந்து கொட்டினால், பத்து நிமிடம் சுற்றியபடி இறங்கி, எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கீழே நிற்கும் தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டே வரும். பட்டறை ஆட்கள் அதற்கு ‘ஒத்தக்கை’ என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் கட்டடம் நான்கு மாடி. மாடிப்படிக்கு நடுவில் கிணறு போல ஒரு வெற்றிடம் உண்டு. மருமகள் ஒவ்வொரு ஒத்தக்கையையும் மேலிருந்து விடுவாள். தானே நேரம் பார்த்துப் புத்தகத்தில் எழுதிக்கொள்வாள். பத்து விநாடிக்கு மேல் எடுத்தால் தேறியது. பத்துக்குக் கீழே போனால், தடித்த முனையில் துளி மெழுகு வைத்தோ சுரண்டியோ மறுபடி விடுவாள். தேறியதை அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. துணியால்கூடத் துடைக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

தகட்டைப் பற்றி நான் கேட்டபோது அவள் மெழுகு வேலையில் இருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, “அதுல வேணாம் மாமா. பெட்டி மேல ஒட்டிக்கலாம்” என்றாள்.

பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போடுவார்கள். அது அவளுக்குத் தெரியாதா? ஆட்கள் நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவளுக்கு எங்கள் பெயர் பாரமாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏன் வேண்டாம் என்று கேட்டிருந்தால் இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. என் பட்டறையில் நின்றுகொண்டு நான் யாரிடமும் விளக்கம் கேட்டுப் பழக்கமில்லை.

முதல் தவணையாக நூற்றிருபது அனுப்ப வேண்டியிருந்தது. எல்லாம் தேறிப் பெட்டிக்குத் தயாராக இருந்த அன்று அவளுக்குக் காய்ச்சல். மாடியில் படுத்திருந்தாள். நான் ஃபோர்மேனைக் கூப்பிட்டுத் தகடு ஒட்டச் சொன்னேன். என்னோடு முப்பது வருடம் இருப்பவன், ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. அன்றைக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“விசிறின்னா மூணு இறக்கை முதலாளி. மூணுலயும் ஒட்டுறோம், ஒண்ண ஒண்ணு சரிக்கட்டிக்கும். இது ஒண்டிக்கட்டையாச்சே.”

“ஒட்டுடா. பேரோட கனத்துல இதுவரைக்கும் எதுவும் கீழ விழுந்ததில்ல” என்றேன்.

ஒட்டினான். கூடுதலாகச் செய்து தேறியிருந்த இருபது ஒத்தக்கைகளிலும் ஒட்டி, பெட்டியில் மூடிக் கிடங்கில் வைத்தான்.

நான்காவது வாரம் மலைப்பக்கத்தில் தீ பிடித்தது. மலைமுகட்டுக்கு மேலே எங்கள் நூற்றிருபதையும் கொட்டினார்கள். ஒன்றுகூடச் சுற்றவில்லை. கல் மாதிரி விழுந்து, முகட்டுக்குக் கீழே இருந்த பள்ளத்தில் போய்க் கிடந்தன. பள்ளத்தில் காற்று இல்லை. கருவிகள் உடையவில்லை. கிடந்த இடத்திலிருந்தே, காற்று இல்லை, காற்று இல்லை என்று அவை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அவை இன்னும் முகட்டுக்கு மேலே சுற்றுவதாக நினைத்து, அந்தச் செய்தியை நம்பி, தீ தாவாமல் இருக்கப் புதர் வெட்ட இரண்டு பேர் முகட்டுக்கு ஏறினார்கள். மேலே காற்று திரும்பியிருந்தது. ஒருவருக்கு நாற்பத்தொன்று, மற்றவருக்கு இருபத்துநான்கு வயது.

செய்தி வந்த மறுநாள் காலையில் கிடங்கில் இருந்த இருபதிலிருந்தும் தகட்டை உரிக்கச் சொன்னேன். ஃபோர்மேன் என் முகத்தைப் பார்க்காமல் உரித்தான். குடும்பம் சந்தி சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காட்டில் விழுந்தவற்றில் கருகிய ரேடியோக் கட்டிகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. தேறிய பிறகு தகடு ஒட்டியது எனக்கும் ஃபோர்மேனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த இருபதும்தான் மருமகளின் கழுத்துக்குச் சுருக்காக வந்தன. விசாரணை அதிகாரி அவற்றை விடச் சொல்லிப் பார்த்தார். பழுதே இல்லை. அப்படியென்றால் அனுப்பிய நூற்றிருபதையும் சோதிக்காமலே சோதித்ததாகப் புத்தகத்தில் எழுதியிருக்கிறாள் என்று முடிவுக்கு வந்தார். அவளே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் கவனக்குறைவு என்றும், மறுத்தால் பொய்க் கணக்கு என்றும் போகும் என்றார். எப்படிப் போனாலும் இனி யாரும் அவளை நம்பி ஒரு திருகாணியைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

எழுதிக் கொடுத்துவிடு, பட்டறையாவது தப்பிக்கட்டும் என்று என் மகன் மூன்று நாள் அவளிடம் மன்றாடினான். அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“நான் ஒவ்வொண்ணையும் விட்டுப் பார்த்தேன்.”

முதல் நாள் அதை அவனிடம் சொன்னாள். மூன்றாம் நாள் தன்னிடமே கேட்டுக்கொள்வது போல இருந்தது. சோதனைப் புத்தகத்தில் காய்ச்சலுக்கு முந்தைய நாட்களின் பக்கங்களை விரித்துவைத்து விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேட்டேன். எழுந்து வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

கையெழுத்து வாங்க அதிகாரி பட்டறைக்கே வந்தார். தீயணைப்புக் குழுத் தலைவரும் கூட வந்திருந்தார். அந்த இரண்டு பேரை மேலே அனுப்பியவர் அவர். வலது கையில் கட்டுப் போட்டிருந்தார். கடைசியாக ஒருமுறை விட்டுக் காட்டுகிறேன் என்று மருமகள் கேட்டதால் எல்லாரும் மாடிப்படிக்குக் கீழே நின்றோம். பதினொன்று. பதினொன்று. பத்தரை. ஒவ்வொன்றும் அழகாகச் சுற்றிக்கொண்டு இறங்கியது. அவளுக்கு எதிராக இறங்கியது.

கீழே வந்தாள். விழுந்தவற்றைப் பொறுக்கி மேசையில் வைத்தாள். பேனாவை எடுத்தவள், அது விரலில் ஒட்டவே கட்டைவிரலைப் பார்த்தாள். பிசுபிசுப்பு. ஓர் ஒத்தக்கையை எடுத்து நுனியைத் தடவிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்துத் தடவினாள். விசிறி இறக்கையில் தகடு ஒட்டும் பசையை எங்கள் வீட்டில் யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. அவள் ஃபோர்மேனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

பேனாவை வைத்துவிட்டுக் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“மாமா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அவள் கேட்பதற்கு முன்பே சொல்லியிருப்பேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அது பொய். கேட்ட பிறகும்கூட, மறுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஃபோர்மேன் என் பேச்சைத் தாண்ட மாட்டான். என் வார்த்தைக்கு எதிராக இந்தத் தெருவில் இன்னொருவர் வார்த்தை எடுபட்டதில்லை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் முதலில் எனக்குத்தான் வழிவிட்டாள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இழுப்பறையைத் திறந்து ஒரு தகட்டை எடுத்தேன். பசை தடவி, மேசையில் இருந்த ஓர் ஒத்தக்கையின் நுனியில் ஒட்டினேன். அதிகாரி ஏதோ கேட்டார். நான் படி ஏறினேன். நான்கு மாடி. மகன் பின்னால் வரப் பார்த்தான், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் பிடிப்பது போலவே இரண்டு விரலில் பிடித்து விட்டேன்.

அது ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. இறக்கை ஒருபக்கம் சாய்ந்து நேராகப் போய்த் தரையில் அடித்தது. இரண்டு விநாடி ஆகியிருக்கும்.

“அனுப்பின எல்லாத்துலயும் ஒட்டினேன். அவளுக்குத் தெரியாது” என்று மேலிருந்தே சொன்னேன். கீழே இறங்கி வந்து சொல்லும் தெம்பு இருக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

குழுத் தலைவர் குனிந்து இடது கையால் அதை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் தகட்டில் இருந்த எங்கள் பெயரை வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னை அண்ணாந்து பார்த்தார்.

“இதுக்காகவா?”

அவர் கத்தவில்லை. அந்தப் படிக்கட்டில் முணுமுணுத்தாலும் நான்காம் மாடிக்குக் கேட்கும்.

நான் இறங்கி வந்தபோது மகன் வெளியே போயிருந்தான். குழுத் தலைவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அதிகாரி புதிய தாள் ஒன்றை எடுத்தார். அந்தக் கருவியைப் பற்றி எழுத அவருக்கு வார்த்தை வரவில்லை. மருமகளிடமே தாளைத் தள்ளி, கேட்டு எழுதச் சொன்னார். அவள் எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எத்தனையில் ஒட்டினீர்கள், எந்தத் தேதி, இறக்கையின் எந்தப் பக்கம், நுனியிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். என்னை மாமா என்று கூப்பிடவில்லை. நான் உரிக்கச் சொன்னதையும் சொன்னேன். அதையும் எழுதினாள்.

“உன்கிட்ட ஏன்னு கேட்டிருக்கணும். என் திமிரு, கேக்க விடல. அதையும் எழுதிக்கம்மா” என்றேன்.

“அதுக்கு இதுல இடமில்ல” என்றாள். “தகடு எவ்வளவு எடை, அத மட்டும் சொல்லுங்க.”

முக்கால் கிராம் என்று சொன்னேன்.