ஏழு சுற்று

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் மூச்சு விடும். அந்த மூச்சைக் கேட்கத்தான் கைலாசம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழாய்த் தண்டில் காதை வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் இருபது குடம், ஆள் வராத வீடுகளுக்கு அடையாளமாக நாலு செங்கல், அடி நசுங்கிய ஒரு வாளி. குழாய் இரண்டு தரம் விக்கியது. பட்டு இழை மாதிரி ஒன்று இறங்கி, முதல் குடத்தின் கழுத்தை நனைத்துவிட்டு அறுந்துபோனது.

"இன்னா பெரியப்பா, கொழாய் காதுல இன்னா சொல்லுச்சு?" என்றாள் சம்பூர்ணம். எதிர்வீட்டு நெசவுக்காரி. கையும் ஓயாது, வாயும் ஓயாது.

"இன்னிக்கி வரமாட்டேன்னு சொல்லுது."

"அத சொல்றதுக்கு முப்பத்தோரு வருசம் சர்வீஸ் வேணுமா?"

பெண்கள் சிரித்தார்கள். கைலாசம் எழுந்து காக்கிச் சட்டையை உதறிக்கொண்டார். இரண்டு பொத்தான் போய், ஊக்குக் குத்திய சட்டை. ரிடையராகி ஆறு வருஷமாகியும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவர் வால்வுச் சாவியைத் திருப்பினால்தான் ஊரில் பாதி பல் விளக்கும். தோளில் அந்த நீட்டு இரும்பைச் சாய்த்துக்கொண்டு அவர் தெருவில் திரும்பினாலே குடங்கள் உருளத் தொடங்கிவிடும். வேலையை விட்ட மறுநாளும் நாலு மணிக்கு விழிப்பு வந்தது. இன்னமும் வருகிறது. எழுந்து என்ன செய்ய? கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பிள்ளையார்பாளையத்து ஓரத்தில் இருந்த அந்த வீடு அவர் மனைவி மங்கையர்க்கரசியின் அண்ணன் மயில்வாகனத்தினுடையது. பிள்ளையில்லாத மனுஷன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் கண்ணை மூடியதும் வீடு தங்கைக்கு வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தபிறகுதான், தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் வராது என்பதைக் கைலாசம் ஒரு குடித்தனக்காரராகத் தெரிந்துகொண்டார். கிணறு இருந்தது. சித்திரையில் அதில் வாளி சேற்றில்தான் உட்காரும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் தெரு முனைக்குப் போக வேண்டும். வால்வு இருப்பது அங்கே. வால்வுக்கு முன்னால் இருப்பதால் அந்த முனைக் குழாயில் மட்டும் எப்போதும் தண்ணீர் கொட்டும்.

அங்கே குடம் தூக்கிக்கொண்டு போவது மங்கையர்க்கரசிதான். அவர் போக மாட்டார். ஊருக்கே தண்ணீர் விட்டவன் குடத்தோடு வரிசையில் நின்றால் நாய்கூடச் சிரிக்கும் என்பார். முந்தின நாள் அவள் நிறைகுடத்தோடு சறுக்கி விழுந்தாள். முட்டி பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் சிவப்பு மருந்து ஊற்றிக் கொடுத்து, வெயிட் தூக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். தூக்காமல் எப்படி? மறுநாளே தூக்கினாள். ஒரு காலை இழுத்து இழுத்துப் போகிறவளை அவர் வாசலில் நின்று பார்த்தார். அன்றைக்கே தண்ணீர் ஆபீசுக்குக் கிளம்பினார்.

கைலாசம் யாரையும் நம்புகிறவர் இல்லை. தண்ணீர் ஓட்டலுக்குப் போகிறது, சாயப் பட்டறைக்குப் போகிறது, எவனோ கை நனைத்துக்கொள்கிறான் என்றுதான் வழிநெடுகப் பேசிக்கொண்டு போனார். ஆபீசில் பழைய முகம் ஒன்றுகூட இல்லை. பியூன் அவரை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மறந்துபோனான். மத்தியானத்துக்கு மேல் லில்லி என்ற கிளார்க்குப் பெண் கூப்பிட்டாள். நல்ல பெண். அவருக்கு எழுத வராது என்று தெரிந்ததும் மனுவைத் தானே எழுதினாள். எழுதிவிட்டு, அட்டை பிய்ந்த ஒரு ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டி, விரலை வைத்து வாசித்தாள்.

"இந்த வால்வை ஏழு சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது. திறந்தால் பழைய குழாய் வெடிக்கும்."

கைலாசத்துக்குக் காது அடைத்தது.

"பதினாலு சுத்து தெறக்கலாம்மா அத" என்றார்.

"யார் சொன்னது, பெரியவரே? ஐம்பத்தொன்னாம் வருஷம் ஓவர்சியர் எழுதியிருக்கார். அப்ப இருந்த வால்வு ஆள் ரொம்ப அனுபவசாலியாம். அவர் பாத்துச் சொன்னதுன்னு போட்டிருக்கு. அவருக்குத் தெரியாதா?"

அந்த அனுபவசாலி மேசைக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றார். நான்தான் அது என்று சொல்ல வாய் திறந்தது. சொன்னால் அடுத்த வார்த்தையையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

அவர் அதை மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. செருப்பில் ஏறிய முள் மாதிரி, உறுத்தாதவரைக்கும் நடந்துவிட்டார். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசி. வால்வுத் தண்டு கோணிக்கொண்டது. ஏழு சுற்றோடு இறுகி நின்றது. பாதித் திறப்பில் தெருக்கோடிவரைக்கும் தண்ணீர் எட்டாது. இரண்டு ஆள் பிடித்தால் திரும்பும், ஆனால் அன்றைக்குத் துணையாள் லீவு. ரிப்போர்ட் செய்தால் ரோட்டைத் தோண்டுவார்கள், மூன்று நாள் வெயிலில் நிற்க வேண்டும். திருப்புட்குழியில் ஒரு கல்யாணம் வேறு, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கேட்ட ஓவர்சியரிடம், அதற்கு மேல் திறந்தால் பைப்பு வெடித்துவிடும் சார் என்றார். ஓவர்சியர் அதை எழுதிக்கொண்டார். முடிந்தது. எழுதியபிறகு அதை யார் அழிப்பது? ஒரு தரம் மயில்வாகனமே வந்து, இன்னும் கொஞ்சம் திறக்கக் கூடாதா என்று கேட்டான். அவனிடமும் வெடிக்கும் என்றுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற மங்கையர்க்கரசி, "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்ண்ணா" என்றாள். மயில்வாகனம் இருபது வருஷம் காவடி கட்டி இரண்டு தவலையில் முனையிலிருந்து தண்ணீர் சுமந்தான். தறியில் உட்கார்ந்தாலும் வலது தோள் சாய்ந்தே இருக்கும். கடைசி நாளில் அந்தத் தோளில் எலுமிச்சை அளவு காய்ப்பு. தங்கைதான் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் கைலாசம் தெரு முனைக்குப் போனார். தேவசகாயம் வால்வுக் குழியின் மூடியை நகர்த்திக்கொண்டிருந்தான். அவரிடம் வேலை கற்றவன், இப்போது அவர் இடத்தில் இருப்பவன். அவரைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தான். சாவியை இறக்கி, அதன் தலையிலிருந்த குறுக்குக் கம்பியைப் பிடித்துச் சுற்றினான். அவர் மனசுக்குள் எண்ணினார். ஏழில் நிறுத்தினான்.

"இன்னும் சுத்து."

"ஏழு ஆயிடுச்சி மேஸ்திரி."

"எனக்கு எண்ணத் தெரியும். சுத்துடா."

"வெடிச்சிச்சின்னா? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. ஏழுக்கு மேல கைய வெச்சா கைய ஒடிப்பேன்னீங்க."

கைலாசம் குழிக்குள் பார்த்தார்.

"வெடிக்காது. நான் சொன்னது பொய்யி" என்றார். கோணிய தண்டு, வராத துணையாள், கல்யாணம், ஓவர்சியர் எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்தோரு வருஷ சர்வீசில் இவ்வளவு பேச்சு ஒரே மூச்சில் அவர் பேசியதில்லை.

தேவசகாயம் கேட்டுவிட்டுச் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, பெரியவர்கள்மேல் இரக்கப்பட்டுச் சிரிப்பது.

"அப்பிடி செய்ற ஆளா நீங்க? அக்காவுக்கு முட்டி சரியில்ல, அதுக்காவ சொல்றீங்க. எனக்குத் தெரியாதா மேஸ்திரி?"

"தேவசகாயம், நெசமாத்தான்டா."

"எனக்கும் புள்ளகுட்டி இருக்குது. ரோடு பிச்சிக்கினா என் வேலதான் போவும்." பிறகு கொஞ்சம் யோசித்தான். "நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வரேன். சாவி இங்கதான் இருக்குது. நான் எதயும் பாக்கல."

அவன் போனபிறகு கைலாசம் கம்பியின் ஒரு கையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. குதிகாலை ஊன்றி இன்னொரு தரம். தோளில் ஏதோ இழுத்தது. அந்தப் பக்கம் ஒரு ஆள் பிடித்தால் போதும். அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

பின்னால் குடம் கல்லில் உரசும் சத்தம் கேட்டது. திரும்பினார். முனைக் குழாயின் வரிசையில், நாலு அடி தள்ளி, மங்கையர்க்கரசி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தேவசகாயம் நம்பாததை இவள் நம்பிவிட்டாள்.

"பதினாலா?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

அவளுடைய இடது கை வலது தோளுக்குப் போய், அங்கே எதையோ தடவிப் பார்ப்பது போல ஒரு கணம் நின்றது. பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்ந்தாள்.

குழியில் சாவி நட்டுக்கொண்டு நின்றது. குறுக்குக் கம்பியின் ஒரு கையில் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன. ஆளில்லாத இன்னொரு கை, வரிசையில் நகர்ந்துகொண்டிருந்த அவளுடைய முதுகை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.