மேலே நின்ற கோடு

திரையில் கோடு மேலே நின்றது. நான்கு வருடமாக நான் தவமிருந்த கோடு, ஆய்வகத்தில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத என் ஜூனியருக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. எதிலும் பறப்பாள் என்பதால் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்து, பிறகு குடுக்கை என்று சுருக்கியதும் நான்தான்.

நாங்கள் ஆராயும் நொதி, அதாவது என்சைம், டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு அதில் ஒரு சின்னக் குறி வைக்கும். பிடித்திருக்கும் நேரத்தில் மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓடவிட்டால், டிஎன்ஏ கனம் கூடி மெதுவாக இறங்கும். கோடு மேலேயே தங்கிவிடும்; நொதி பிடித்ததற்கு அதுதான் சாட்சி. என் கோடுகள் ஒன்றுவிடாமல் அடியில்தான் கிடந்தன. இன்று மதியம் தன் முன்னால் இன்னொரு முறை செய்து காட்டினால், கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. வாழ்த்துச் சொன்னேன், உதட்டளவில்.

ஏதாவது குறை அகப்படாதா என்றுதான் உறைபெட்டியில் அவள் டப்பாவைக் குடைந்தேன். அகப்பட்டது. நொதி குறி வைக்கத் தேவையான துணைப்பொருள் குழாயின் மூடியைச் சுற்றி ஒட்டிய நாடா பிரிக்கப்படவே இல்லை. அவசரத்தில் அதைச் சேர்க்க மறந்திருக்கிறாள். மாட்டினாள் என்று துள்ளினேன். அடுத்த கணமே புரிந்துவிட்டது. அது இல்லாததால்தான் வேலையை முடிக்க முடியாமல் நொதி பிடித்த பிடியில் உட்கார்ந்திருக்கிறது. நானோ ஒரு நாள்கூட மறக்காமல் சேர்த்தேன். நொதி குறியை வைத்துவிட்டு, நான் பார்ப்பதற்குள் நடையைக் கட்டியிருக்கிறது. விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

மதியம் குழாய்களைப் பனிக்கட்டியில் வரிசையாக நட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நேத்து அவசரத்துல எதையாவது விட்டிருப்பேனோன்னு பயமா இருக்கு. இன்னைக்கு உங்க குறிப்பைப் பாத்து ஒண்ணு ஒண்ணா எடுத்து வச்சிருக்கேன். ஒருவாட்டி பாத்துடுங்களேன்."

பார்த்தேன். துணைப்பொருள் குழாய் மூன்றாவதாக, நாடா பிரிந்து நின்றது. அதைச் சேர்த்தால் கோடு இறங்கிவிடும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் கோடும் அவளுக்கு, அதன் காரணமும் அவளுக்கு.

"எல்லாம் சரியா இருக்கு," என்றேன். "எதுவும் விட்டுப்போகலை."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"அப்பாடா. நீங்க பாத்துட்டா எனக்கு வேற கவலை இல்லக்கா."

நோட்டின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று எழுதிக் கோடிட்டுப் பேனாவை நீட்டினாள். நான் கையெழுத்துப் போட வசதியாக, பக்கம் நகராமல் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.