மைனர் என்று போட்டவள்

எலைன் கடைக்குள் வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். லதா அப்போதுதான் வந்திறங்கிய இன்சுலின் பெட்டிகளை ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எலைன் ஒரு மருந்து உறையைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, அதில் ஒட்டியிருந்த சீட்டை விரலால் தட்டினாள்.

"இது உங்க கடை சீட்டுதானே லதாக்கா?"

"ஆமா. இன்னாம்மா ஆச்சு?"

"படிங்க."

எலைனின் அப்பா கொர்னேலியஸ் பெயர் இருந்தது. ரத்த அழுத்த மாத்திரை. காலை 1, சாப்பாட்டுக்குப் பின்.

"டாக்டர் எழுதினது அரை. பவர் ஜாஸ்தியான மாத்திரையா மாத்தி, இனிமே அரை போதும்னாரு. டாடி உங்க சீட்டைப் பாத்து ஆறு நாளா முழுசு முழுசா போட்டுக்கிட்டாரு. நேத்து மாரிகுப்பம் ஸ்டேஷன்ல வண்டி ஏறப் போனவரு தலை சுத்தி பிளாட்பாரத்துல விழுந்துட்டாரு. மணிக்கட்டு ஒடஞ்சி கட்டுப் போட்டு கீது. வண்டி நின்னுக்கிட்டு இருந்திச்சி, சரி. கிளம்பி இருந்தா?"

லதா ஃபிரிட்ஜ் கதவை மூட மறந்து நின்றாள். அந்தத் தவறு அவளுக்குத் தெரியும். மூன்று வாரமாகவே தெரியும்.

தங்கச் சுரங்கம் மூடிப்போன அந்த ஊரின் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் அவளும் கணவன் நந்தகுமாரும் பதினாறு வருடமாக அந்த மருந்துக் கடையை நடத்துகிறார்கள். பில் போடுவதற்குக் 'குப்பி' என்ற மென்பொருளை இரண்டு வருடமாக வைத்திருந்தார்கள். அதை ஒரு கம்பெனி விற்கவில்லை. ஊர் ஊராக இருக்கும் சிலர் தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். அது தமிழில் சீட்டு அடித்துக் கொடுக்கும் என்பதற்காகவே லதா அதைத் தேர்ந்தெடுத்தாள்.

மூன்று வாரம் முன்பு புதிய பதிப்பு ஒன்று வந்தது. அதை ஏற்றிய மறுநாள், தைராய்டு மாத்திரை வாங்க வந்த ஒருவருக்கு அவள் 'அரை' என்று பதிந்தாள். திரையில் 0.5 என்று சரியாகவே இருந்தது. அச்சில் 1 என்று வந்தது. இன்னொரு முறை அடித்தாள். மறுபடியும் 1. பேனாவால் அடித்துவிட்டு '½' என்று எழுதிக் கொடுத்து அனுப்பினாள்.

அன்று மதியமே குப்பியின் குறைப் பட்டியலுக்குப் போனாள். யாருக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் அங்கே எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் விழும். தீவிரம் எவ்வளவு என்று எழுதுகிறவரே தேர்ந்தெடுக்க வேண்டும். கிரிட்டிக்கல், மேஜர், மைனர் என்று மூன்று கட்டங்கள். கீழே விளக்கமும் இருந்தது: வேலை அடியோடு நின்றுபோனால் கிரிட்டிக்கல், மாற்று வழி இல்லாவிட்டால் மேஜர், மாற்று வழி இருந்தால் மைனர்.

மாற்று வழி இருக்கிறதே, பேனாவால் திருத்திக்கொள்ளலாமே என்று நினைத்தாள். சும்மா கொடுக்கிறவர்களிடம் போய்க் கத்துவதற்கும் கூச்சமாக இருந்தது. மைனரைத் தொட்டாள். "தமிழ்ச் சீட்டில் எண் சரியாக வரவில்லை, தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று ஒரே வரி எழுதினாள். இரண்டு நாள் கழித்து 'பிரையாரிட்டி: லோ' என்று இன்னொரு லேபிள் அதில் ஒட்டியிருந்தது. அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பில் மேசையில் எப்போதும் அவள்தான் உட்காருவாள். சீட்டுகளைத் தினமும் கையால் திருத்திக்கொண்டிருந்தாள்.

போன வாரம் வியாழனும் வெள்ளியும் அவள் கடையில் இல்லை. குடியாத்தத்தில் தங்கை மகளுக்குக் கல்யாணம்.

"எங்க மேலதான் தப்பு எலைன்," என்றாள். "மெஷின் தப்பா அடிக்குதுன்னு எனக்குத் தெரியும். நான் இருந்தா திருத்திடுவேன். அன்னைக்கு நான் இல்ல."

எலைன் அவளையே பார்த்தாள். திட்டுவாள் என்று லதா காத்திருந்தாள்.

"இத எங்கிட்ட சொல்லாதீங்க. வீட்டுக்கு வந்து டாடிகிட்ட சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு எலைன் உறையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

உள்ளே சரக்கு சரிபார்த்துக்கொண்டிருந்த நந்தகுமார் பேச்சுக் குரல் கேட்டு வந்து நின்றிருந்தான்.

"அது இன்னா அடிச்சிதோ அத ஒட்டிக் குடுத்தேன்," என்றான். "நீ ஒரு வார்த்தை சொல்லலியே லதா."

"சொல்லல."

"சொல்லியிருந்தா நானும் பேனா எடுத்திருப்பேன்."

"தெரியுங்க. தாலி கட்டுற நேரத்துக்குப் போய்ச் சேரணும்னு ஓடினேன். ஞாபகமே வரல." அவளுக்கு உடனே வேறு ஒன்று உறைத்தது. "அந்த ரெண்டு நாள்ல அங்கிளுக்கு மட்டுமா சீட்டு அடிச்சீங்க?"

இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். இரண்டு நாளில் தமிழ்ச் சீட்டு வாங்கியவர்கள் எழுபத்தாறு பேர். அதில் அரையோ ஒன்றரையோ உள்ள மருந்து வாங்கியவர்கள் ஒன்பது பேர். கொர்னேலியஸ் போக எட்டு. நந்தகுமார் போனைப் போட ஆரம்பித்தான். ஆறு பேர் கிடைத்தார்கள். நான்கு பேர் பழைய பழக்கத்தில் சரியாகவே போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் வாயு மாத்திரை கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள், கெடுதல் இல்லை. மீதி இரண்டு பேர் போனை எடுக்கவில்லை. லதா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

ஆண்டர்சன்பேட்டையில் இருந்தவர் சரியாகத்தான் இருந்தார். சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில் பார்வதம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்து, நெடுநேரம் கழித்துத்தான் அந்த அம்மாள் திறந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கதவைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

"சுகர் மாத்திரை எத்தினி போடுறீங்கம்மா?"

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? மருமவ சீட்டப் பாத்து முழுசு ஒண்ணுன்னா. மின்ன அரைதான் போட்டுனு இருந்தேன். ஏன் கேக்குறீங்க? நாலு நாளா ஒரே மயக்கமா கீது. வயசாச்சி இல்ல, அதான்னு படுத்துக்கினேன்."

லதா அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். சமையலறையில் நுழைந்து சர்க்கரை டப்பாவைத் தேடி, ஒரு தம்ளர் தண்ணீரில் நாலு கரண்டி கரைத்துக் குடிக்கக் கொடுத்தாள். கால் மணி நேரம் பக்கத்திலேயே இருந்தாள். நடுக்கம் மெல்ல அடங்கியது. டாக்டருக்குப் போன் செய்து, மருமகள் வேலையிலிருந்து வந்து சேரும்வரை காத்திருந்து, அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

நந்திதுர்க்கில் தன் வீட்டில் கொர்னேலியஸ் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எலைன் வாசற்படியிலேயே சாய்ந்து நின்றுகொண்டாள். லதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பார்வதம்மாவைப் பற்றியும் சொன்னாள்.

"இந்த மாதிரி தப்பா அடிக்குதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார் கொர்னேலியஸ்.

"நான்தான் சொன்னேன் அங்கிள். மூணு வாரம் முன்னாடியே."

"அப்புறம் ஏன் சரி பண்ணல?"

"சின்ன தப்புன்னு எழுதினேன். அதனால கடைசியில போட்டுட்டாங்க."

அவர் டிவியின் ஒலியைக் குறைக்க ரிமோட்டை இடக்கையால் தடவித் தேடினார், கிடைக்கவில்லை. எலைன் வந்து எடுத்துக் குறைத்தாள்.

"பங்காருபேட்டையில என் கூட்டாளி ஒருத்தன் சீக்கா கீறான். அவனப் பாக்கத்தான் கிளம்பினேன்," என்றார். "அதான் எனக்கு வருத்தம். கை கூடிடும். நீ பெரிய தப்புன்னு இன்னிக்கே எழுதிடு, போ."

எலைன் வெளிவாசல் வரை வந்து, "டீ போடல, தப்பா நெனைக்காதீங்க," என்றாள். போடுகிற மனநிலையில் அவள் இல்லை என்பது லதாவுக்குப் புரிந்தது.

கடைக்குத் திரும்பியதும் லதா அந்தப் பட்டியலைத் திறந்தாள். அவள் எழுதிய குறை கீழே, மிகவும் கீழே இறங்கிப் போயிருந்தது. மேலே கிரிட்டிக்கல் என்ற சிவப்பு லேபிளோடு முப்பத்தெட்டு இருந்தன. படித்துக்கொண்டே போனாள். ஒருவருக்குக் கடைப் பெயரின் எழுத்து பெரிதாக வேண்டும். இன்னொருவருக்குத் திரையின் பச்சை நிறம் பிடிக்கவில்லை. சத்தமாகக் கேட்டவர்கள் எல்லாரும் சிவப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தன் குறையில் மைனரை அழித்து கிரிட்டிக்கல் என்று மாற்றினாள். இந்த முறை ஒரு வரியோடு நிறுத்தவில்லை. அரை என்று பதிந்தால் ஒன்று என்றும், ஒன்றரை என்று பதிந்தால் இரண்டு என்றும் அச்சாகிறது, எந்தப் பதிப்பிலிருந்து, எந்தச் சீட்டில் என்று எழுதினாள். ஒருவர் விழுந்து கை ஒடிந்ததையும், இன்னொருவருக்குச் சர்க்கரை இறங்கியதையும் எழுதினாள். கடைசியில், "முன்பு மைனர் என்று போட்டது நான்தான். என் கணிப்பு தவறு" என்றும் சேர்த்தாள். தன் போன் எண்ணையும் போட்டாள்.

நாற்பது நிமிடத்தில் போன் வந்தது. தார்வாடிலிருந்து விநாயக் என்று ஒருவர். பகலில் ஒரு கல்லூரியில் வேலை, குப்பியைக் கவனித்துக்கொள்பவர்களில் ஒருவர். இருவரும் கன்னடத்திலேயே பேசினார்கள்.

"மேடம், முதல்ல அந்த ரெண்டு பேரும் எப்படி இருக்காங்க?"

சொன்னாள்.

"உங்க குறைக்கு 'லோ' போட்டது நான்தான்," என்றார் அவர். "நானூறு குறை இருக்கு, நாங்க நாலு பேர். மைனர்னு இருந்தது. திறந்துகூடப் பாக்கல."

"நான் சரியா எழுதியிருந்தா பாத்திருப்பீங்க."

"நான் ஒரு கேள்வி கேட்டிருந்தா நீங்க எழுதியிருப்பீங்க."

பிறகு விநாயக் காரணத்தைச் சொன்னார். தமிழ்ச் சீட்டில் '1' என்பதற்குப் பதில் '1.0' என்று வருவது அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைச் சரிசெய்யப் போனவர் புள்ளிக்குப் பின்னால் எதுவுமே வராதபடி எழுதிவிட்டார், அதனால் அரை அடுத்த முழு எண்ணாக ஏறிவிட்டது. தெலுங்குச் சீட்டிலும் அதே வரி இருந்தது. அன்று சாயங்காலமே திருத்திய பதிப்பு வெளியானது. குப்பியைத் திறக்கும் எல்லாக் கடைகளிலும், பழைய பில்களைப் பார்த்து ஆட்களைக் கூப்பிடுங்கள் என்று ஓர் அறிவிப்பு முதலில் வந்து நின்றது.

அடுத்த வாரம் விநாயக் மறுபடியும் கூப்பிட்டார். தீவிரத்தைப் பற்றிய விளக்கத்தை மாற்றி எழுத வேண்டும், கடையில் நிற்பவர் ஒருவர் சொன்னால்தான் சரியாக வரும் என்றார். லதா யோசித்துச் சொன்னாள்: "மாற்று வழி ஒரே ஒருத்தர் கையில இருந்தா அத மாற்று வழின்னு கணக்குல எடுக்காதீங்க. மருந்தோட அளவு, பேரு, காலாவதி தேதி இந்த மூணுல எது தப்பா வந்தாலும் மைனர்ங்கற பேச்சே வேணாம்." அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கொர்னேலியஸின் கட்டைப் பிரித்தார்கள். எலைன் இரண்டு மாதம் வேறு கடையில் மருந்து வாங்கினாள். மூன்றாவது மாதம் இவர்கள் கடைக்கே வந்தாள். பேச்சு முன்போல இல்லை, ஆனால் வந்தாள். பார்வதம்மாவின் மருமகள் லதாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசினாள். அது லதாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் அவள் குப்பிக்குத் தமிழில் வரும் குறைகளைப் பிரித்து லேபிள் போடுகிறாள். சென்ற புதன்கிழமை குப்பம் என்ற ஊரிலிருந்து ஸ்வப்னா என்ற கடைக்காரப் பெண் எழுதியிருந்ததை எடுத்தாள். மைனர் என்றுதான் போட்டிருந்தது. லதா உடனே அவளுக்குப் போன் செய்து, சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். 'சாப்பாட்டுக்குப் பின்' என்பதில் புள்ளி விழாமல் 'பின' என்று அச்சாகியிருந்தது. அளவு, பெயர், தேதி எல்லாம் சரி.

"சின்னதுதாங்க," என்றாள் ஸ்வப்னா மறுமுனையில், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"ஆமா, சின்னதுதான்," என்றாள் லதா. மைனரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த குறையைத் திறந்தாள்.