நாற்பது நிமிடம் மேஜைமேல்

1

இந்தக் கதை நுண்ணோக்கியில் வைக்கும் ஒரு கண்ணாடித் தகட்டிலிருந்து வந்தது. ஒன்பதாவது தடவையாக எழுதுகிறேன். எட்டுத் தொடக்கங்கள் குப்பைக்கூடையில். கதை அழகாகத் தொடங்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறீர்களே, இந்த இம்சையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

முதல் தொடக்கம்: '1983 ஜூலை. சிகாகோவில் எங்கள் ஆய்வகத்தின் லிஃப்ட் பழுதானதால், ஐரீனின் மார்பிலிருந்து வெட்டியெடுத்த கட்டி தாமதமாக வந்து...'

[லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: 'மருத்துவமனை ஊழியர் வழியில் ஹாட் டாக் வாங்க நின்றதால்...'

[பாவம், அந்த மனிதர் ஓடியே வந்தார். சட்டை நனைந்திருந்தது.]

2

அறிவியலைக் குறைக்கச் சொல்கிறார் பதிப்பாசிரியர். குறைக்கிறேன், போதுமா? சில மார்புக் கட்டிகளில் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கும். இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை பலிக்கலாம். இல்லாவிட்டால் வீண். ஏற்பி சூடு தாங்காது, உடைந்துவிடும். அதனால் நாங்கள் ஜூலையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிரறையில் வேலை செய்வோம்.

ஒரே உயிரணுவின் வாரிசுகள் சுரக்கும், ஒரே அச்சில் வார்த்த எதிர்ப்பொருள் எங்களிடம் இருந்தது; அது ஏற்பியை மட்டும் தேடிப் பிடிக்கும். அதை மணிகளில் ஒட்டிக் குழாயில் அடைத்து, ஏற்பி நிறைந்த கன்றுக்குட்டியின் கருப்பையை அரைத்து ஊற்றினால் ஏற்பி மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் வழிந்துவிடும்.

(கருப்பைகள் இறைச்சிக்கூடத்திலிருந்து வாளியில் வரும். இதற்குமேல் கேட்காதீர்கள்.)

3

வெர்னா என்னோடு வேலை செய்தவள். ஐரீன் அவளுடைய அக்கா. பாத்திரமாக வெர்னா பெரும் தொல்லை. அழ வேண்டிய இடத்தில் சலாமி சாண்ட்விச் தின்பாள்.

ஐரீனின் கட்டிக்குப் பழைய முறைச் சோதனையில் 'ஏற்பி இல்லை' என்று வந்திருந்தது. அவள் நம்பவில்லை.

"அது ஹார்மோனப் பிடிக்கிற ஏற்பியத்தான் எண்ணும்யா. ஒடஞ்சது கணக்குல வராது. நம்ம எதிர்ப்பொருள் ஒடஞ்சதக்கூடக் கண்டுபிடிக்கும்ல? கட்டியில மிச்சத் துண்டு இருக்கு. எதிர்ப்பொருள் ரெண்டு சொட்டு குடு, சாயம் ஏத்திப் பாக்குறேன்."

"எல்லாம் குழாய்க்குன்னு ஹால்பெர்க் சொல்லியிருக்காரே?" என்றேன். ஹால்பெர்க் எங்கள் ஆய்வகத்தின் தலைவர்.

"பெரியவரு கன்னுக்குட்டியக் காப்பாத்தட்டும். எனக்கு எங்கக்கா வேணும்."

கொடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஆமா, கட்டி வந்தப்ப யாரு வாங்கி வச்சது?"

"யாரோ," என்று சொன்ன அந்தப் பாத்திரத்தை

4

அந்த வாக்கியம் முடியவில்லை. விடுங்கள்.

வாங்கியது நான். குழாயில் கன்றின் சாறு இறங்கிக்கொண்டிருந்தது. மணிகள் காய்ந்தால் மூன்று வார வேலை போய்விடும். ஐரீனின் டப்பாவை வெளியே மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிரறைக்குள் ஓடினேன். உறைய வைக்கும் பெட்டி கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. திரும்பி வந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

கன்றின் ஏற்பி அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் வந்ததே இல்லை. ஹால்பெர்க் முதுகில் தட்டிக்கொடுத்தார். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: சாயம் ஏறி, உயிரணுக்களின் நடுவே பழுப்பு நிறம்; அப்படியானால் ஏற்பி உண்டு. ஐரீனுக்கு மாத்திரை.

முடிவு இரண்டு: நிறமே இல்லை. கட்டியில் ஏற்பி இல்லாமலே இருந்ததா, என் மேஜையில் மிச்சமில்லாமல் அழிந்ததா? அதைச் சொல்ல எந்த எதிர்ப்பொருளும் கிடையாது.

வெர்னா நுண்ணோக்கியை விட்டு விலகி நிற்கிறாள்.

"நான் பாக்கமாட்டேன். நீயே பாத்துச் சொல்லுய்யா. நீ பொய் சொல்லமாட்ட."

ஒன்பது தடவையும் இந்த இடத்தில் எழுந்துபோய்க் காப்பி போட்டிருக்கிறேன். என்னால் ஆகாது. நீங்கள் குனிந்து பாருங்கள். தெரிவதை அவளிடம் சொல்லிவிடுங்கள். நாற்பது நிமிடத்தை மட்டும் சொல்லாதீர்கள். அது நான் சொல்ல வேண்டியது.