ரோஜாப் படத்துக்குப் பின்னால்

அந்தக் கடையிலிருந்து எந்தப் பொருளும் கதை இல்லாமல் வெளியே போகாது. பித்தளைப் பூட்டு வைத்த பெட்டியோ, கால்மிதி தையல் மெஷினோ, பிரம்பு நாற்காலியோ, எதுவானாலும் அதன் கழுத்தில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கும். அட்டையில் நாலு வரி இருக்கும். யாரிடம் இருந்த பொருள், அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று. கல்யாண மேடைக்கும், புது வீட்டுக் கூடத்துக்கும், போட்டோவுக்குப் போடும் உடுப்புக்கும் பழங்காலத்துச் சாயல் தேடி வருகிறவர்கள் பொருளைத் தொடுவதற்கு முன்னால் அந்த அட்டையைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள்.

அந்த நாலு வரியை எழுதுவது கதைக்காரரின் வேலை. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. கடையில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. வயது ஐம்பத்தெட்டு. எழுதுவது அத்தனையும் புளுகு. இழுத்து மூடிய ஒரு விடுதியிலிருந்து எடுத்த தையல் மெஷினுக்கு, ‘இதில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர் அவளிடம் முதன்முதலாகப் பேசினார்’ என்று எழுதினார். அந்த மெஷின் இதுவரை வாடகைக்குப் போய்ப் பதினோரு கல்யாணம் பார்த்துவிட்டது. முதலாளியம்மா வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். சாவு, பிரிவு, ஆஸ்பத்திரி மூன்றும் அட்டையில் வரக்கூடாது. அதனால் அவர் எழுதிய ஜோடிகள் எல்லாம் ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தன. ஒருத்தருக்கும் சளி கூடப் பிடித்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பின்னறையிலிருந்து பிரேம்காரர் கத்தினார்.

“யோவ் கதை, இங்க வா. ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம்!”

பிரேம்காரரும் அவரும் ஏறக்குறைய ஒரே வயது. பழைய படங்களைக் கழற்றி, துடைத்து, கண்ணாடி மாற்றிக் கொடுப்பது அவர் வேலை. மேசையில் ஒரு நடுத்தரப் பிரேம் பிரிந்து கிடந்தது. கண்ணாடி விரிசல். பக்கத்தில் காலண்டரிலிருந்து வெட்டிய ரோஜாப் படம். அதற்கும் பக்கத்தில், கெட்டி அட்டையில் ஒட்டிய ஒரு கறுப்பு வெள்ளைக் கல்யாணப் போட்டோ.

“முன்னால ரோஜா. பின்னால பாரு, ஒரு ஜோடியே குடித்தனம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு.”

கதைக்காரர் குனிந்து பார்த்தார். முதலில் அடையாளம் தெரிந்தது கோட்டுதான். கை நீளம் அதிகமாகி, விரல் முட்டி வரைக்கும் இறங்கிய கோட்டு. தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவனிடம் இரவல் வாங்கியது. அப்புறம் அதற்குள் இருந்தவனைப் பார்த்தார். அவர்தான். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய அவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி. புஜத்தில் உப்பிய கை வைத்த ரவிக்கை. பின்னால் படிக்கட்டு வரைந்த திரை. அவள் கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எங்கேருந்து வந்துச்சு?”

“போன வாரம் ஒரு வீட்ட மொத்தமா காலி பண்ணி எடுத்தாங்கல்ல, அந்த லோடு. ஒரு பொம்பள, ஒண்டிக்கட்டையாம். போய்ச் சேந்து ரெண்டு மாசம் ஆச்சாம். அண்ணன் மகன் வித்துட்டான். சாமானே இல்லய்யா. ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர். சுவத்துல இந்த ரோஜா.”

அவள் செத்துப்போனது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

“என்னய்யா, மூஞ்சி செத்துப்போச்சு? தெரிஞ்சவங்களா?”

“இல்ல. உன் பசை நாத்தம் கொடலப் புடுங்குது.” போட்டோவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். “போட்டோவ எதுக்கு உள்ள வச்சிருப்பாங்க?”

“இதென்ன கேள்வி? காலண்டர் தாளு தொளதொளன்னு இருக்கும். முட்டுக் குடுக்க ஒரு அட்டை வேணும். ஸ்டுடியோ போட்டோன்னா அட்டை கெட்டியா இருக்குமா, கையில கெடச்சதச் சொருகியிருப்பாங்க. எல்லாரும் பண்றதுதான். ஒரு ஆளு தன்னோட பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்டயே சொருகி வச்சிருந்தான், போ.”

சொல்லிவிட்டு ரோஜாப் படத்தையும் பிரேமின் முதுகுப் பலகையையும் மேசைக்கடியில் இருந்த கழிவுப் பெட்டிக்குள் போட்டார். அந்தக் காலத்து ஸ்டுடியோ போட்டோ என்றால் கடைக்கு லாபம். ரோஜா யாருக்கு வேண்டும்?

கதைக்காரர் தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதவில்லை.

அவர் அப்போது அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டில் இருந்தார். கல்யாண நாளுக்குக்கூட லீவு போடவில்லை. போட்டோ எடுக்கும்போது ஸ்டுடியோ சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. மணி ஆறே முக்கால். ஏழரைக்கு அவர் உள்ளே இருக்க வேண்டும். அவள் பார்த்தது அந்தக் கடிகாரத்தை. அவள் தொலைபேசி நிலையத்தில் பகல் வேலை. அவர் வரும்போது அவள் கிளம்புவாள், அவள் வரும்போது அவர் கிளம்புவார். வாசலில் சாவி கை மாறும். அதுதான் குடித்தனம். பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக் கேளுங்கள் என்று மூன்று முறை சொன்னாள். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவர் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்கு இரவு ஷிஃப்ட் பிடித்திருந்தது. மெஷின் சத்தத்தில் யாரும் பேச மாட்டார்கள். நாலாவது முறை அவள் சொல்லவில்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் வந்து கூப்பிடுவார் என்று மூன்று மாசம் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாளாம். வெகு நாள் கழித்து யாரோ சொன்னார்கள். அவர் போகவில்லை. அப்புறம் ஒரு வருஷத்தில் அந்த வேலையையும் விட்டுத் தொலைத்தார். அதில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது ஒரு வார்த்தை போதும். முதலாளியம்மா கறார்க்காரிதான், ஆனால் கல்மனசு இல்லை. முன்பு ஒரு வாடிக்கைக்காரப் பெண் தன் சித்தப்பாவின் படத்தை இங்கே கண்டுபிடித்து அழுதபோது, துடைத்து, தாள் சுற்றிச் சும்மா கொடுத்தனுப்பினாள். ‘இது நான்’ என்றால் போதும், போட்டோ கைக்கு வந்துவிடும்.

ஆனால் எந்த உரிமையில் கேட்பது? அவள் அதை நினைத்து வைத்திருந்தாள் என்றால் கேட்கலாம். தாளுக்கு முட்டுக் கொடுக்கச் சொருகினாள் என்றால், அவர் அங்கே வெறும் அட்டை. அட்டைக்கு என்ன உரிமை? பிரேம்காரர் முப்பது வருஷமாகப் படங்களைக் கழற்றுகிறவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஒரு மணப்பெண் வந்தாள். மூன்று வாரத்தில் கல்யாணம். கையில் போன், போனில் நூறு படம், ஒன்றும் மனசுக்குப் பிடிக்கவில்லை என்ற முகம். முதலாளியம்மா கூடவே நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். பின்னறை வாசலில், புதுக் கண்ணாடி போட்டுச் சாய்த்து வைத்திருந்த போட்டோ முன்னால் அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா! இதான். இதான் எனக்கு வேணும்.”

“எதும்மா, பிரேமா?”

“எல்லாமே. இந்தத் திரை, இந்த நாற்காலி, இந்த ரவிக்கைக் கை. மேடையே இப்படித்தான் இருக்கணும். அய்யோ, அந்தக் கோட்டப் பாருங்க, கை எவ்ளோ நீளம்! அந்தக் காலத்துல இதான் ஸ்டைல் போல. அவருக்கும் இதே மாதிரி தச்சிடலாம்.”

“தச்சிடலாம், தச்சிடலாம்” என்றாள் முதலாளியம்மா. “அண்ணே, கொஞ்சம் வாங்க. இதுக்குக் கதை எழுதியாச்சா?”

கதைக்காரர் எழுந்து வந்தார்.

“இவங்க எங்க பாக்கறாங்க அங்கிள்?” மணப்பெண் கண்ணாடிமேல் விரல் வைத்தாள். “எல்லாரும் கேமராவத்தான பாப்பாங்க?”

“கடிகாரத்த.”

“எதுக்கு?”

“அவருக்கு ஏழரைக்கு ஷிஃப்ட். ராத்திரி வேல. நேரமாச்சேன்னு பாக்கறா.”

“கல்யாணத்தன்னிக்கா?” அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “சூப்பர் அங்கிள்! எங்கேருந்து புடிக்கறீங்க இதெல்லாம்? அக்கா, மேடையில ஒரு செவுத்துக் கடிகாரம் வைங்க. நானும் அதையே பாக்கறேன். அப்புறம் என்ன ஆச்சு இவங்களுக்கு?”

“அவ போயிட்டா.”

“எங்க?”

“அண்ணன் வீட்டுக்கு. இவரு போய்க் கூப்பிடல.”

மணப்பெண்ணின் முகம் சுருங்கியது. முதலாளியம்மா அவரை முறைத்தாள்.

“அண்ணே, காலங்காத்தால என்ன வெளையாட்டு இது? புள்ள பயந்துடுச்சு பாருங்க.”

“ஷிஃப்ட் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு அங்கிள். முடிவ மட்டும் மாத்திடுங்க, ப்ளீஸ்.”

அது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. வாயைக்கூடத் திறந்தார். அட்டை என்ற சொல் குறுக்கே வந்து நின்றது. “மாத்திடலாம்மா” என்றார்.

மாற்றினார். ‘கல்யாண நாளன்றும் அவருக்கு இரவு வேலை. அவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள். மறுநாளே அவர் பகல் வேலைக்கு மாற்றிக் கேட்டார். ஐம்பது வருஷம் இரவுச் சாப்பாடு இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள்.’ அத்தனை வருஷத்தில் அவர் எழுதியதில் அடித்தல் திருத்தல் இல்லாத அட்டை அது ஒன்றுதான்.

கல்யாணத்தன்று மேடையைச் சரிபார்க்க அவரையும் அனுப்பினார்கள். வேலையாட்கள் திரையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதே படிக்கட்டு, அதே மாதிரி நாற்காலி. கடையிலிருந்து கொண்டுபோன கடிகாரம் ஓடாது. மணி எத்தனையில் வைப்பது என்று கேட்டார்கள். ஏணியில் ஏறி அவரே முள்ளைத் திருப்பி ஆறே முக்காலில் வைத்தார். மாப்பிள்ளை வந்து நின்றான். நல்ல பையன். கோட்டுக் கை விரல் முட்டி வரைக்கும் இறங்கியிருந்தது. தையல்காரர் அளவெடுத்து, பிசகாமல் அந்தத் தப்பைத் தைத்திருந்தார். யாரிடம் கை குலுக்கினாலும் பையன் முதலில் கோட்டுக்குள் கையைத் தேட வேண்டியிருந்தது.

“கடிகாரத்தப் பாரும்மா” என்றார் போட்டோகிராபர்.

மணப்பெண் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. நாலு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. அவள் சிரித்ததால் அது அந்தப் போட்டோ மாதிரி வரவேயில்லை. கதைக்காரருக்கு அதில் ஒரு நிம்மதி. வாசலில் முக்காலியில் வைத்திருந்த அசலை வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள், அட்டையைத் திருப்பிப் படித்தார்கள். ஒருவர்கூட போட்டோவில் இருந்தவனையும் பக்கத்தில் நின்ற கிழவனையும் மாற்றி மாற்றிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. முடி போய்விட்டது, பல் இரண்டு போய்விட்டது.

மறுநாள் சாமான்கள் திரும்பி வந்தன. திரை, நாற்காலி, கடிகாரம். அவர் பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார்.

“போட்டோ வரலயே?”

“அத அவங்களே வாங்கிட்டாங்கண்ணே” என்றாள் முதலாளியம்மா. “புது வீட்டுக் கூடத்துல மாட்டப் போறாங்களாம். இன்னைக்குக் காலையில ஊருக்குக் கெளம்பிட்டாங்க. ஏண்ணே? உங்களுக்கு வேணுமா?”

“நான் வச்சு என்ன பண்ண.”

“அதான பாத்தேன். அட்டை எழுதின கைக்குத்தான் பாராட்டு. அந்தப் பொண்ணு அதப் படிச்சு அழுதுச்சாம்.”

அவர் பின்னறைக்குப் போனார். பிரேம்காரர் வெளியே போயிருந்தார். மாசத்துக்கு ஒருமுறை காலி செய்யும் கழிவுப் பெட்டி இன்னும் நிரம்பியபடியே இருந்தது. அடியில், விரிசல் விட்ட கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் ரோஜாப் படம் கிடந்தது. போட்டோ போனது போகட்டும். அது அவர்கள் இருவருடையது என்று சொல்லவே அவருக்கு வாய் வரவில்லை. இது அவளுடையது. அவள் தினமும் பார்த்தது. குப்பையை எடுக்க யாரிடமும் கேட்க வேண்டாம். படத்தை உதறி எடுத்து, அதோடு சேர்ந்த முதுகுப் பலகையையும் எடுத்தார்.

பலகையைத் திருப்பியதும் கை நின்றது.

எட்டு வருஷமாக அந்தக் கடையில் பிரேம்களின் முதுகைப் பார்த்தவர். ஒருமுறை மாட்டி மறந்த படம் என்றால், முதுகில் ஆணி துருப்பிடித்திருக்கும், ஒரே ஒரு பட்டை டேப் பலகையோடு பலகையாகப் போயிருக்கும். இதில் ஆணி இல்லை. நாலு ஓரத்திலும் டேப்தான். டேப்மேல் டேப், அதன்மேல் டேப். அடியில் இருந்தது பழுப்பேறி நொறுங்கியது. அதற்கு மேலே மஞ்சள், அதற்கும் மேலே இளமஞ்சள். பிரேம்காரர் ஓரத்தில் பிளேடால் கீறியிருந்த இடத்தில் எல்லா அடுக்கும் புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி தெரிந்தன. பிரித்து, பார்த்து, மூடி, மறுபடி ஒட்டி. அவர் எண்ணத் தொடங்கி, பதினேழுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டார்.

பிரேம்காரருக்கு இது கண்ணில் பட்டிருக்காது. அவருக்கு ஒரு நாளைக்கு முப்பது முதுகு.

“அண்ணே!” முன்னறையிலிருந்து முதலாளியம்மா குரல் கொடுத்தாள். “இந்தக் கடிகாரத்துக்குப் புது அட்டை எழுதணும். எங்க இருக்கீங்க?”

எல்லாவற்றுக்கும் மேலே இருந்த டேப் வெள்ளையாக இருந்தது. மஞ்சளின் நிழல்கூட விழவில்லை. பிளேடு பட்டு லேசாகத் தூக்கியிருந்த அதன் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பசை இன்னும் காயவில்லை. விரலை எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.